கும்பிடு போக மீதி விநாடிகள்

கரிசல்காட்டில் பிறந்தவள் வாட்டர் ஸ்கீயிங் போட்டிக்குப் போனாள் என்றால் யார் நம்புவார்கள்? ஹாஸ்டலில் மூன்று வருஷம் என்னோடு ஒரே அறையில் கிடந்த நீங்களே நம்பவில்லை. உங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீரே லாரியில் வருகிறது, இதில் இவள் தண்ணீர்மேல் சறுக்கினாளாம் என்று உருண்டு உருண்டு சிரித்தீர்கள். போங்கடி என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் நேற்று மெயின்ஸ் பரீட்சை ரிசல்ட் வந்ததிலிருந்து நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒப்பாரி. அழுகிற பொம்மையாக வந்து விழுகிறது. ஒருத்தி போனையே அணைத்துப் போட்டுவிட்டாள். எனக்கும் ஊற்றிக்கொண்டதுதான், அதை விடுங்கள். தோற்றுப்போய் வீடு திரும்புகிற விஷயத்தில் உங்கள் எல்லோருக்கும் நான் சீனியர். எட்டாம் வகுப்பிலேயே தோற்றவள். அதுவும் எப்போதும்வென்றான் என்று பேர் வைத்த ஊரிலிருந்து கிளம்பிப்போய்.

கிண்டல் பண்ணுவதாக இருந்தால் இப்போதே பண்ணிக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் கபடி டீம் தோற்ற ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பழகிய கிண்டல்தான். வலிக்காது.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை பாதி வரை விடவில்லை. கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் மறுகால் பாய்ந்தது. எனக்கு விவரம் தெரிந்து அதுதான் முதல் தடவை. அதுவரை கண்மாய் என்றால் கிரிக்கெட் விளையாடுகிற இடம், ஆடு மேய்கிற இடம், வெடித்த மண்ணுக்குள் பந்து போய்விட்டால் குச்சி விட்டுத் துழாவுகிற இடம். அதில் திடீரென்று கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் தண்ணீர். பால் கூடிப்போன டீ நிறத்தில். கருவேல மரங்கள் கழுத்தளவு முங்கி, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. சாயங்காலமானால் ஊரே கரைக்குப் போய்ச் சும்மா நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வரும். செருப்புப் போட்டுப் போக முடியாது. கரிசல் ஈரமாக இருந்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு காலை மட்டும் அனுப்பிவிடும்.

அந்த ஈரத்தோடுதான் மாமா வந்து இறங்கினார். அம்மாவுக்குத் தம்பி. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரியில் டூரிஸ்டுகளுக்கு மோட்டார் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த இடத்தை மூடிவிட்டார்கள். கிளம்பும்போது, கிடக்கிற சாமானில் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்களாம். மற்றவர்கள் மிக்ஸி, மெத்தை என்று எடுத்திருக்கிறார்கள். எங்கள் மாமா ஒரு பலகையும், ஒரு கயிறும், ஒரு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பலகை குட்டை. அகலம். இரண்டு முனையும் கொஞ்சம் மேலே வளைந்திருக்கும். அடிப்பக்கம் வழவழவென்று, கையை வைத்தால் வழுக்கும். மேலே கால் நுழைக்க ரப்பரில் இரண்டு மாட்டி. நேராகப் போவதற்கான பலகை இல்லை அது. தண்ணீர்மேல் நின்றபடி திரும்பலாம், சுற்றலாம், பின்பக்கமாகப் போகலாம், ஒரு காலைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு கையை விடலாம். வித்தைப் பலகை. அதில் ஒரு நாள்கூட மாமா ஏறியது கிடையாது. அவருக்குத் தெரிந்தது படகு ஓட்டுவது மட்டும். பின்னால் வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்பா பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது எப்படி ஓடும் என்று கேட்டார். ஓடாது, இழுக்க வேண்டும், அதற்குப் படகு வேண்டும் என்றார் மாமா.

"இழுக்கணும். அம்புட்டுதான மாப்ள?" என்றார் அப்பா. சொல்லிவிட்டு வாசலில் நின்ற டிராக்டரைப் பார்த்தார்.

எங்களிடம் இருந்தது மானாவாரிக் காடு. உளுந்தும் கம்பும் போட்டிருந்தார்கள். மழை நின்றபின் அப்பாவுக்குக் கொஞ்ச நாள் ஓய்வுதான். ஆனால் கரைமேல் டிராக்டர் ஏற வேண்டுமே. தினமும் காலையில் கரைக்குப் போய்க் குதிகாலால் மண்ணை அமுக்கிப் பார்ப்பார். ஒட்டினால் திரும்பி வந்துவிடுவார். மார்கழி பிறந்து பனி இறங்கி, ஒரு நாள் குதிகால் சுத்தமாக வந்தது. அன்றைக்கே கயிற்றை டிராக்டரின் பின்கொக்கியில் கட்டிவிட்டார்கள். கண்மாய்க் கரை நீளம். கரைக்கும் கருவேல மரங்களுக்கும் நடுவே வண்டிப்பாதை அகலத்துக்குத் தடையில்லாத தண்ணீர். டிராக்டர் மேலே ஓடும், பலகை கீழே வரும்.

பையன்கள்தான் முதலில் முண்டியடித்தார்கள். டிராக்டர் இழுத்த இழுப்பில் ஒருத்தன் பாக்கியில்லாமல் முகம் குப்புற விழுந்தான். ஒருத்தனுக்குக் கால்சட்டை தனியாக வந்துவிட்டது. எடை குறைந்த ஆள் வேண்டும் என்று மாமா சொல்ல, என்னைப் பிடித்து அந்த ஆரஞ்சுச் சட்டைக்குள் சொருகினார்கள். அதில் டீசலும் மீனும் கலந்த ஒரு வாசனை. கால்மாட்டி எனக்குப் பெரிது. லாரி டியூபை வெட்டி உள்ளே வைத்து இறுக்கினார்கள். நானும் விழுந்தேன். நிறையத் தண்ணீர் குடித்தேன். கண்மாய்த் தண்ணீருக்கு மண்ணும் கருவேலங்காயும் ஊறிய ஒரு துவர்ப்பு உண்டு. ஆனால் ஒரு சாயங்காலம் பலகை அப்படியே தண்ணீர்மேல் ஏறி உட்கார்ந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். மடை வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அப்பா டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"இத்தன பேரு நிக்காவ. ஒரு கும்பிடு போட வேண்டாமா தாயி?"

அப்பா சிலம்பம் ஆடுகிறவர். கோயில் கொடை, அதுதான் எங்கள் ஊர்த் திருவிழா, வந்துவிட்டால் கம்பைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார். இறங்கியதும் சுற்ற மாட்டார். மண்ணைத் தொடுவார், கோயிலைப் பார்த்துக் கும்பிடுவார், பிறகு கூடி நிற்கிற ஜனங்களை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்து நிதானமாக ஒரு கும்பிடு. அதற்கப்புறம்தான் கம்பு சுற்றும். எடுத்தவுடனே வித்தை காட்டுகிறவன் கூத்தாடியாம். அப்படி ஒரு கொள்கை. ஆக, நானும் கும்பிடப் பழகினேன். கயிற்றுப் பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தலை தாழ்த்தி, கரையில் நிற்கிறவர்களை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்க்க வேண்டும். பெரியம்மாவுக்கு அதில் ஒரு குறை. ஒற்றைக் கையால் கும்பிடுவது என்ன கும்பிடு என்றார்.

"மறு கை கயித்துல இருக்கு மதினி. அது சாமிக்குத் தெரியாதா?" என்றார் அப்பா.

மாமாவும் ஸ்டைலாக இருக்கிறது என்றார். அவர் பார்த்ததெல்லாம் டூரிஸ்டுகளுக்குக் காட்டுகிற வேடிக்கை. அங்கே கையசைத்துக் கும்பிட்டால் கைதட்டல் கூடும். போட்டி என்று ஒன்றை அவரும் பார்த்ததில்லை. அதை அப்போது யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தை பிறப்பதற்குள் நான் ஏழெட்டு வித்தை பழகிவிட்டேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் இருந்தது, கரையில் உட்கார்ந்திருந்த பையன்கள் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அவர்களே பேர் வைத்தார்கள். இழுக்கிற டிராக்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் அது கோவம். பக்கவாட்டில் மட்டும் திரும்பினால் பாதிக் கோவம். மறுபடி முன்பக்கம் வந்துவிட்டால் சமாதானம். நிற்காமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கிறுக்கு. "ஏட்டி, கோவிச்சுக்கோ!" என்று கரையிலிருந்து கத்துவார்கள். கோவித்துக்கொள்வேன். "போதும், சமாதானமாப் போ!" என்பார்கள். போவேன். கயிற்றுப் பிடியில் ஒரு காலை மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விடுகிற வித்தைக்கு மட்டும் அவர்களால் பேர் வைக்க முடியவில்லை. அதை நான் மடை வந்ததும்தான் செய்வேன். மடைமேல்தான் கூட்டம் அதிகம்.

மாமாவின் பழைய சிநேகிதர் ஒருவர் மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஏரியில் படகு ஓட்டினார். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி நடக்கப்போகிறது என்று அவர்தான் சொன்னார். முதல் மூன்று இடத்தில் வருகிற பிள்ளைகளைக் கோடை விடுமுறை முழுக்க அங்கேயே தங்க வைத்துப் பழக்குவார்களாம். அந்த ஏரி வற்றாதாம்.

மற்றதெல்லாம் எனக்குக் காதில் ஏறவில்லை. வற்றாது என்பது மட்டும் ஏறியது. எங்கள் கண்மாயில் பொங்கல் முடிந்தபோதே தண்ணீர் ஒரு முழம் இறங்கிவிட்டது. கரைக்கல்லில் தினமும் ஒரு ஈரக்கோடு கீழே கீழே போகும். பங்குனியில் மறுபடி கிரிக்கெட்தான். மறுபடி எப்போது நிறையும் என்று அப்பாவுக்கும் தெரியாது. மூன்று பேரில் ஒருத்தியாக வந்துவிட்டால் எனக்கு வற்றாத தண்ணீர் கிடைக்கும். இதைவிடப் பெரிய ஆசை அப்போது எனக்கு இல்லை. இப்போதும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

அப்பா என்னைக் கோவில்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் கூட்டிப்போனார். தண்ணீரில் போட்டுக்கொள்ள இறுக்கமான உடுப்பு வேண்டும் என்று ஜவுளிக்கடையில் கேட்டார். அவர்கள் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுகிற கால்சட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு பை நிறையக் கடலைமிட்டாய். ஒரு பாக்கெட் படகு ஓட்டுகிறவருக்கு, மீதி ஜெயித்தால் எல்லோருக்கும் கொடுக்க என்றார். ஜெயித்தால் என்று சொன்னவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, ஜெயித்ததும் என்று மாற்றினார்.

வேனில் அப்பா, மாமா, பெரியம்மா, நான். அம்மா மாட்டைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள். மலை ஏறி இறங்கினால் எங்கே பார்த்தாலும் பச்சை. பெரியம்மா, இவ்வளவு மழையை வைத்துக்கொண்டு இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஏரியில் இறங்கியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீருக்குள் என் கால் தெரிந்தது. ஒவ்வொரு விரலும் தெரிந்தது. எங்கள் கண்மாயில் முழங்காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் காலையே பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, கறுப்பு ரப்பர் உடுப்புப் போட்டிருந்த ஒரு சென்னைப் பெண் பக்கத்தில் வந்தாள். என்ன படகில் பழகினாய் என்று கேட்டாள். டிராக்டர் என்றேன். அது எந்தக் கம்பெனிப் படகு என்று கேட்டாள். டிராக்டர்தான், உழுகிற டிராக்டர் என்றேன். அவள் சிரித்தாள். அப்புறம் உண்மையாகவே ஆசைப்பட்டு, வீடியோ இருக்கிறதா, காட்டு என்றாள். நல்ல பெண். அவள்தான் விதியைச் சொன்னாள். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டம். ஓட்டத்துக்கு இருபது விநாடி. இரண்டு மிதவைக்கு நடுவே அந்த இருபது விநாடிக்குள் எத்தனை வித்தை செய்கிறோமோ அத்தனைக்கும் மதிப்பெண். விழுந்தால் அந்த ஓட்டம் அதோடு சரி.

இருபது விநாடி என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் கரை முழுக்க டிராக்டர் ஓடி முடிக்க ஒரு சினிமாப் பாட்டு நேரம் ஆகும். நான் தலையை ஆட்டிக்கொண்டேன்.

மைக்கில் என் ஊர்ப் பேரைத் திக்கித் திக்கிப் படித்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரோ யாருக்கோ சொல்ல, அந்தப் பக்கம் ஒரு சிரிப்பலை. பெரியம்மா பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். படகு கிளம்பியது. டிராக்டர் மாதிரி வெட்டி இழுக்கவில்லை, வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. மாமாவைச் சிநேகிதர் படகிலேயே ஏற்றிக்கொண்டிருந்தார். கரை எங்கோ தூரத்தில் இருந்தது. யாரைக் கும்பிடுவது என்று தேடினேன். முதல் மிதவை தாண்டியபோது அப்பாவின் சிவப்புத் துண்டு தெரிந்தது. கையை எடுத்து நெஞ்சில் வைத்து, தலை தாழ்த்தி, அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரை, சொல்லிக்கொடுத்த மாதிரி, அவசரமே படாமல் கும்பிட்டேன். பிறகு கோவம். பிறகு சமாதானம். அடுத்து கிறுக்குக்காக இடுப்பை வளைத்தபோது ஊதல் ஊதிவிட்டது.

படகு வேகம் குறைந்தது. நான் மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கினேன். விழவே இல்லை. இப்போதுதானே ஆரம்பித்தேன் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. யாருக்கோ ஊதினார்கள் போல என்றுகூட நினைத்தேன்.

படகு சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்தது. மாமா விளிம்பில் குனிந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏ பிள்ள, கும்பிடு வேண்டாம். அதுவே பாதியத் தின்னுருச்சு. எந்திச்ச உடனே சுத்து."

"அப்பா பாத்துக்கிட்டு நிக்காவளே மாமா."

"அத்தான்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ சுத்து."

இரண்டாவது ஓட்டம். சரி, கும்பிடக் கூடாது என்று முடிவு பண்ணிவிட்டேன். பலகை எழுந்தது. சிவப்புத் துண்டு அதே இடத்தில் நின்றது. முதல் மிதவை தாண்டியதும் இடுப்பை வளைக்க வேண்டும். ஆனால் கைக்கு அது தெரியவில்லை. மார்கழி முழுக்கப் பழகிய கை, அதுபாட்டுக்குப் பிடியை விட்டுக் கிளம்பிவிட்டது. நெஞ்சுக்கு வருவதற்குள் நான் அதைத் திரும்ப இழுத்தேன். அந்த இழுப்பில் பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து, படகு கிளப்பிய அலையில் போய் முனையைக் குத்தியது. எங்கள் டிராக்டர் தண்ணீரில் அலை கிளப்பாது. எனக்கு அலையையே தெரியாது. அப்புறம் எல்லாம் பச்சையாக இருந்தது. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் என் கை எனக்கே தெரிந்தது, பாதிக் கும்பிட்டில் நின்றுகொண்டு.

கடைசி இடம். சென்னைப் பெண் இரண்டாவது. அவள் வந்து என் தோளைத் தட்டினாள், நான் கடலைமிட்டாய் கொடுத்தேன். படகுக்காரருக்கு என்று வைத்திருந்த பாக்கெட்டையும் அப்பா மறக்காமல் கொடுத்துவிட்டு வந்தார்.

திரும்பி வரும்போது வேன் மலை ஏறத் தொடங்கியது. பெரியம்மாதான், மொத்தம் எத்தனை பேர் ஆடினீர்கள் என்று கேட்டார். ஏழு பேர் என்றேன்.

"அப்பம் ஏழாவது வந்திருக்கேன்னு சொல்லு. கடைசின்னு எதுக்குச் சொல்லுத? ஊர்ல எத்தன பேருன்னு எவனும் கேக்கப் போறதில்ல."

மாமா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. ஜெயித்தால் கொடுக்க வைத்திருந்த கடலைமிட்டாயைப் பெரியம்மா பிரித்து என் வாயில் திணித்தார். வாய் நிறைய வெல்லப்பாகு இருந்தால் சத்தமாக அழ முடியாது. முயற்சி பண்ணிப் பாருங்கள்.

அப்பா மட்டும் திரும்பவே இல்லை. முன் சீட்டில் உட்கார்ந்து, வேன் கண்ணாடியில் ஒற்றை விரலால் டொக் டொக் என்று தட்டிக்கொண்டே வந்தார். உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் நிறுத்துவார், மறுபடி முதலிலிருந்து தட்டுவார். என்னைத் திட்டுகிறார் என்று நினைத்தேன். தோற்றதுக்கு இல்லை. போட்ட கும்பிட்டைப் பாதியில் திரும்ப எடுத்துக்கொண்டதுக்கு. கரையில் நின்று அவர் பார்த்தது அதைத்தானே. மாமா சொல்லிக்கொள்கிறேன் என்றாரே, சொன்னாரா என்று கேட்கவும் பயம்.

வீட்டில் அம்மா, மூக்கில் தண்ணீர் ஏறியதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆவி பிடிக்க வைத்தாள். போட்டியைப் பற்றி அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஊரில் ஏழாவது என்றுதான் சொன்னேன். பெரியம்மா சொன்னது பலித்தது, யாரும் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரேயரில் கைகூடத் தட்டினார்கள். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு நின்றதுதான் தண்ணீரில் விழுந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. நான் கண்மாய்ப் பக்கமே போகவில்லை. பலகையை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதில் மோர்மிளகாய் காயப்போட்டாள். நல்ல அகலம், காக்கா தள்ளினாலும் சரியாது என்று அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் பெரியம்மா வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, உங்கப்பனுக்கு என்ன ஆச்சு? கரையில ஒத்தையில டிராக்டர ஓட்டுதாரு. அங்கன போறாரு, இங்கன வாராரு. பின்னால ஒரு ஈ காக்கா இல்ல."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். கயிறு கட்டாத டிராக்டர், டாப் கியரில், கரைமேல் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடியது. ஒரு இடத்தில் சடக்கென்று நின்றது. மாமா போனைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அந்த இடத்தில் தண்ணீர் ஓரமாக ஒரு கம்பை அடித்தார்கள். கம்பின் உச்சியில் சிவப்புத் துணி. அப்பாவின் துண்டைக் கிழித்தது. தூரத்தில் அதே மாதிரி இன்னொரு கம்பு ஏற்கெனவே நின்றது.

என்னைப் பார்த்ததும் அப்பா நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"தாயி, போட்டிக்காரன் சொல்லுத இருபது செகண்டுங்கது இந்தக் கம்புல இருந்து அந்தக் கம்பு வரைக்குந்தான். நானும் வேன்ல வரும்போதே தட்டித் தட்டிப் பாத்துட்டேன். நம்ம கும்பிடுக்கே பாதி போயிருது. எனக்குத் தெரியாமப் போச்சு."

அவர் முதல் கம்பைத் தொட்டுக் காட்டினார்.

"அதுக்காகக் கும்பிடாம இருக்க வேண்டாம். இதுக்கு இங்கிட்டே போட்டுரு. கணக்கு கம்பு தாண்டித்தான."

அவ்வளவு சுலபம். போட்டி நடந்த ஏரியிலும் முதல் மிதவைக்கு முன்னால் வேண்டிய மட்டும் தண்ணீர் இருந்தது. அங்கே அம்மன் கொடைக்குப் போடுகிற முழுக் கும்பிடே போட்டிருக்கலாம். படகு ஓட்டுகிற மாமாவுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சிலம்பம் ஆடுகிற மனிதர் ஊர் வந்து சேர்கிற வரைக்கும் விரலால் தட்டித் தட்டிக் கண்டுபிடித்திருக்கிறார்.

வீட்டுக்கு ஓடிப்போய்ப் பலகையைக் கேட்டேன். அம்மா மிளகாயைக் கூட்டி அள்ளிக்கொண்டே, ஒரு ஜோலி உருப்படியாக நடக்கவிட மாட்டீர்களே என்றாள். பலகையில் மோர் வாசனை கடைசி வரைக்கும் போகவில்லை.

அதற்குள் மடையைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வேகமாக இறங்கியது. முங்கியிருந்த மரங்களுக்கு இடுப்பு தெரிந்தது. பையன்கள் கரைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள், அவர்களுக்குப் பரீட்சை. நாங்கள் மூன்று பேர்தான். இரண்டு கம்புக்கும் நடுவே மட்டும் ஓட்டம். முதலில் கோவம் சமாதானத்தோடு முடிந்தது. பிறகு ஒரு கிறுக்கு சேர்ந்தது. பிறகு பாதிக் கோவம் இரண்டு பக்கமும். எங்கே நேரம் வீணாகிறது என்று மாமா போனைப் பார்த்துச் சொல்வார், அப்பா கேட்டுக்கொண்டு தலையாட்டுவார்.

கடைசி நாள் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரிந்தது. பலகையின் அடியில் அவ்வப்போது சேறு உரசியது. வெயில் சாய்ந்து கரைமேல் ஆடுகள் திரும்பிக்கொண்டிருந்தன. டிராக்டர் கிளம்பியது. முதல் கம்புக்கு இந்தப் பக்கம் கையை எடுத்து நெஞ்சில் வைத்து, கரையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்துக் கும்பிட்டேன். ஆடுகளையும் சேர்த்துத்தான். கம்பு தாண்டியது. கோவம், சமாதானம், பாதிக் கோவம் அந்தப் பக்கம், இந்தப் பக்கம், கிறுக்கு, எதிர்ச் சுற்றில் இன்னொரு கிறுக்கு. காலைக் கயிற்றில் மாட்டினேன். இரண்டு கையையும் விட்டேன். சிவப்புத் துணி என் தோளுக்குப் பக்கத்தில் போனது. அதற்கப்புறம்தான் விழுந்தேன். மூக்கு நிறையச் சேறு.

அன்றைக்கு நான் எந்த இடத்தில் வந்திருப்பேன் என்று மாமாவிடம் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். நாலாவது என்றார்.

அடுத்த வருஷம் மழை இல்லை. அதற்கடுத்த வருஷமும் கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான். மாமா வேறு ஊரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். பலகை மோர்மிளகாய்க்கே திரும்பிப் போய், வெயிலில் வெடித்து, ஒரு பொங்கலுக்கு முன்னால் அம்மா வீட்டை ஒதுங்க வைத்துச் சுத்தம் செய்தபோது காணாமல் போனது. இரண்டு கம்பும் மட்டும் ரொம்ப நாள் நின்றன. ஒன்றில் ஆடு கட்டினார்கள்.

நேற்று ரிசல்ட் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பா, வரலை என்றேன். அந்தப் பக்கம் டிராக்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதை அணைத்துவிட்டார்.

"எத்தன மணி நேரம் குடுத்தான்?"

"மூணு மணி நேரம்ப்பா."

"எதுல போச்சு நேரம்?"

யோசித்துப் பார்த்தேன். முதல் கட்டுரைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் முன்னுரை எழுதியிருந்தேன். அழகாக, நிதானமாக. கடைசி இரண்டு கேள்வியைத் தொடவே இல்லை. அதைச் சொன்னேன்.

"முன்னுரைன்னா? கும்பிடு மாதிரியா?"

"ஆமாப்பா. கும்பிடுதான்."

"அத மணியடிக்கதுக்கு முந்தியே போட்டுற முடியாதா?"

"முடியாதுப்பா. மணியடிச்சாத்தான் எழுதவே விடுவான்."

அவர் போனை வைக்கவில்லை. நான் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் தகரத்தின்மேல், டிராக்டரின் மட்கார்டாக இருக்க வேண்டும், ஒற்றை விரலால் டொக் டொக் என்று தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.